ஃபைபர் படகின் உள்ளே ஃபிஷ் ஃபைண்டர் டிரான்ஸ்டியூசர் பொருத்துவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃபிஷ் ஃபைண்டர் வாங்கிக் கரைக்குக் கொண்டுவந்தவுடன் வரும் முதல் கேள்வி, "இந்த டிரான்ஸ்டியூசரை எங்கே வைப்பது?" என்பது. சென்சார் என்றும் சொல்லப்படும் அந்தக் கறுப்பு வில்லைதான் ஒலியைக் கடலுக்குள் அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைக் கேட்கிறது. திரை எவ்வளவு விலையுயர்ந்ததாக இருந்தாலும் வில்லை சரியாக உட்காரவில்லை என்றால் பயன் இல்லை. 24 அடி முதல் 32 அடி வரையுள்ள நம் கடற்கரை ஃபைபர் படகுகளை மனதில் வைத்து இந்தப் பதில்களை எழுதுகிறேன்.

டிரான்ஸ்டியூசரோடு வெளியே மாட்டும் கிளாம்பும் வருகிறதே, பிறகு எதற்கு உள்ளே வைக்க வேண்டும்?

அந்தக் கிளாம்ப், துறைமுகத்தில் மிதந்தபடியே கட்டிவைக்கும் படகுக்குப் பொருந்தும். நம் ஃபைபர் படகுகளில் பல அலையை வெட்டிக்கொண்டு வந்து மணலில் ஏறுகின்றன. அதன்பின் டிராக்டர் கட்டி இழுக்கிறார்கள், அல்லது ஆட்கள் சேர்ந்து தள்ளுகிறார்கள். பின்பலகையின் அடியில் இரண்டு திருகாணியில் தொங்கும் பிளாஸ்டிக் வில்லை அந்த மணல் உரசலைத் தாங்காது. வலை இழுக்கும்போது கயிறு அதில் மாட்டுவதும் உண்டு. வில்லையை அடிப்பகுதியின் உள்பக்கம் ஒட்டிவிட்டால் மணல், கயிறு, சிப்பி எதுவும் அதைத் தொடாது. படகில் ஓட்டையும் போட வேண்டியதில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு நம் கரையெங்கும் ஃபைபர் படகுகள் பெருகின. அவற்றில் கரையேற்றும் படகுகளுக்கு உள்ளே பொருத்துவதுதான் சரியான வழி என்பது என் உறுதியான கருத்து.

அடிப்பகுதியைத் தாண்டி ஒலி வெளியே போகுமா?

போகும். அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: வில்லைக்கும் கடலுக்கும் நடுவில் காற்றே இருக்கக் கூடாது. கண்ணாடி நார், ரெசின், எபாக்ஸி, எண்ணெய், தண்ணீர் எல்லாவற்றிலும் ஒலி ஓரளவு தடையின்றிப் போகும். காற்றைச் சந்தித்தால் மட்டும் ஏறக்குறைய முழுவதும் திரும்பிவிடும். தண்ணீரும் காற்றும் சந்திக்கும் இடத்தில் ஒலியின் ஆற்றலில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் அந்தப் பக்கம் தாண்டுகிறது.

கருவி மீனைக் காட்டுவதே இந்தக் குணத்தால்தான். மீனின் சதை ஒலிக்குத் தண்ணீர் போலத்தான் தெரியும். வயிற்றில் இருக்கும் காற்றுப்பைதான் ஒலியைத் திருப்பி அனுப்புகிறது. காற்றுப்பை இல்லாத சுறாவும் ஊசிக் கணவாயும் திரையில் மங்கலாகத் தெரிவது அதனால்தான். முப்பது பாகத்துக்கு (ஒரு பாகம் ஏறக்குறைய ஆறு அடி) கீழே உள்ள சின்னக் காற்றுப்பையையே கண்டுபிடிக்கும் கருவிக்கு, வில்லைக்கு அடியிலேயே பசையில் மாட்டிய காற்றுக்குமிழி எவ்வளவு பெரிய தடை என்று யோசித்துப் பாருங்கள். இந்தப் பக்கத்தில் வரும் எல்லா அறிவுரைக்கும் அடிப்படை இது ஒன்றுதான்.

1948-ல் ஜப்பானின் நாகசாகி மாவட்டத்தில் ஃபுருனோ சகோதரர்கள் மீனவர்களுக்கான முதல் ஃபிஷ் ஃபைண்டரை உருவாக்கியபோது நம்பியதும் இந்தக் குணத்தைத்தான். திரையும் மின்னணுவும் எவ்வளவோ மாறிவிட்டன, அடிப்படை மாறவில்லை.

எல்லாப் படகிலும் இதைச் செய்யலாமா?

கூடாது. வில்லை வைக்கும் இடத்தில் அடிப்பகுதி முழுக்கக் கெட்டியான கண்ணாடி நாராக இருக்க வேண்டும். "என்னுடையது ஃபைபர் படகுதானே" என்று நினைத்து ஒட்டிவிட்டுப் பிறகு வருந்துபவர்கள் உண்டு.

ஒட்டுப்பலகையில் படகு கட்டி, மேலே ஃபைபர் பூசுவது கன்னியாகுமரிப் பக்கமும் கேரளத்திலும் வழக்கம். வெளியே பார்த்தால் முழு ஃபைபர் போலவே இருக்கும். பலகைக்குள் கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைய உண்டு, அவை முழுக்கக் காற்று. அதனால் அதில் வேலை செய்யாது. மரத்தில் கட்டிய வல்லத்துக்கும், ஃபைபர் போர்த்திய வல்லத்துக்கும் இதே பதில்தான்.

இரண்டு ஃபைபர் தோல்களுக்கு நடுவில் நுரை வைத்துச் செய்த அடிப்பகுதியிலும் ஒலி போகாது. நுரை என்றாலே காற்றுதான். ஃபைபர் கட்டுமரத்தின் உள்ளே மிதப்புக்காக நுரை நிரப்பியிருப்பார்கள், அதுவும் ஆகாது. சில படகுகளில் உள்தளம் தனி, அடித்தோல் தனி. நடுவில் தெர்மோகோல் அடைத்திருக்கும். நீங்கள் கால் வைத்து நிற்பது உள்தளம். அதன்மேல் வில்லையை ஒட்டினால் திரை வெறுமையாகத்தான் இருக்கும். அடித்தோல் வரைக்கும் இறங்கக்கூடிய இடம் ஒன்று வேண்டும். பெரும்பாலும் படகின் பின்பகுதியான அமரத்தில் தண்ணீர் இறைக்கும் குழிதான் அப்படிக் கிடைக்கும்.

இரும்பு, அலுமினியப் படகுகளுக்கு இந்த முறையை நான் பரிந்துரைப்பதில்லை.

என் படகின் அடிப்பகுதி கெட்டியா, நுரை வைத்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கட்டிய பட்டறைக்காரரைக் கேட்பது முதல் வழி. எத்தனை அடுக்கு மேட் (கண்ணாடி நார் விரிப்பு) போட்டார், எங்கே சட்டம் வைத்தார், எங்கே நுரை வைத்தார் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். படகைக் கைமாற்றி வாங்கியிருந்தால் நீங்களேதான் பார்க்க வேண்டும்.

ஸ்பேனரின் பிடியால் உள்பக்கம் தட்டிப் பாருங்கள். கெட்டியான இடம் "டக் டக்" என்று கணீரென ஒலிக்கும். நுரையோ இடைவெளியோ இருந்தால் "பொத் பொத்" என்று அமுங்கிக் கேட்கும். ஒரே இடத்தில் தட்டிவிட்டு முடிவுக்கு வராமல் ஒரு கோடு போட்டதுபோல் தட்டிக்கொண்டே போங்கள், சத்தம் எங்கே மாறுகிறது என்று காது சொல்லிவிடும். தண்ணீர் வடியும் தக்கை ஓட்டை இருந்தால் அதன் விளிம்பைப் பாருங்கள். உள்ளிருந்து வெளிவரை ஒரே நிறமா, நடுவில் வேறு ஏதாவது தெரிகிறதா என்பது அங்கே வெட்டவெளிச்சம். அது அந்த ஒரு இடத்தின் கதை மட்டும்தான், அடிப்பகுதி முழுக்க அப்படியே இருக்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பெயின்ட் இல்லாத பகுதி என்றால், இருட்டிய பின் வெளியே ஒருவர் டார்ச்சை ஒட்டிப் பிடிக்க, நீங்கள் உள்ளே இருந்து பாருங்கள். கெட்டியான ஃபைபரில் வெளிச்சம் மஞ்சளாகப் பரவும். ரெசின் சரியாக நனையாத இடங்களும் குமிழிகளும் புள்ளியாகவும் திட்டாகவும் தெரியும். பழைய ஒட்டு வேலை நடந்த இடம் தனியாகத் தெரிந்தால் அதைத் தவிர்த்துவிடுங்கள். ஒட்டுக்கும் பழைய தோலுக்கும் நடுவில் காற்று மாட்டியிருக்க வாய்ப்பு அதிகம்.

எந்த மாதிரி டிரான்ஸ்டியூசர் வாங்க வேண்டும்?

50, 200 கிலோஹெர்ட்ஸ் இரண்டிலும் வேலை செய்யும் சாதாரண வில்லை போதும். உள்ளே ஒட்டலாமா என்பது கையேட்டிலேயே எழுதியிருக்கும், வாங்கும் முன் அதைப் பாருங்கள். கேபிள் நீளத்தையும் பாருங்கள், அமரத்திலிருந்து திரை வைக்கும் இடம் வரை எட்ட வேண்டும்.

கடற்தரையைப் புகைப்படம் போலக் காட்டும் சைடு இமேஜிங், டவுன் இமேஜிங் வகைகளை இதற்கு வாங்காதீர்கள். அவை 455, 800 கிலோஹெர்ட்ஸ் போன்ற உயர்ந்த அதிர்வெண்ணில் ஓடுகின்றன. அந்த ஒலியைக் கண்ணாடி நார் விழுங்கிவிடும். பக்கவாட்டில் பார்க்கும் வகைக்கு வில்லை தண்ணீரிலேயே இருந்தாக வேண்டும்.

வாட் கணக்கில் ஏமாறாதீர்கள். ஒரு பெட்டியில் "4000 வாட்" என்றும் இன்னொன்றில் "500 வாட்" என்றும் போட்டிருக்கும், இரண்டும் ஒரே சக்தியாக இருக்கலாம். முதலாவது பீக்-டு-பீக் கணக்கு, இரண்டாவது ஆர்எம்எஸ் கணக்கு. முதலாவதை எட்டால் வகுத்தால் இரண்டாவது வரும். கடைக்காரரிடம் "ஆர்எம்எஸ் எவ்வளவு?" என்று கேட்டு வாங்குங்கள்.

படகில் எந்த இடம் சரி?

அமரம் பக்கத்து மூன்றில் ஒரு பங்கில், நடுக்கோட்டுக்கு அருகில், ஆனால் அடியில் நீளவாக்கில் ஓடும் ஏராவின் மேல் அல்லாமல். ஏராவுக்குள் மரமோ நுரையோ இருக்கும். முன்பகுதியான அணியம் பக்கம் வைத்தால் படகு வேகமெடுக்கும்போது அந்தப் பகுதி தண்ணீரை விட்டு எழும்பிவிடும். எழும்பாவிட்டாலும் அலையடித்து உண்டாகும் நுரை அதன் அடியில்தான் ஓடும்.

இடத்தை உள்ளே குறித்த பிறகு வெளியே வந்து, அதே இடத்தின் அடியையும் அதற்கு முன்னால் உள்ள பகுதியையும் கையால் தடவிப் பாருங்கள். முன்னால் பட்டை, போல்ட் தலை, புடைத்த ஒட்டு ஏதாவது இருந்தால் ஓடும்போது அங்கே குமிழி கிளம்பி உங்கள் வில்லைக்கு நேர் கீழே வரும். புரொப்பெல்லருக்கு மிக அருகிலும் வேண்டாம்.

ஒட்டும் முன் சோதித்துப் பார்க்க முடியுமா?

கட்டாயம் சோதிக்க வேண்டும். ஒட்டியபின் வில்லையைச் சேதமில்லாமல் எடுப்பது கடினம், அதனால் இந்தச் சோதனையைத் தவிர்த்துவிட்டு யாரும் பசையைக் கலக்காதீர்கள்.

கனமான பிளாஸ்டிக் பையில் தண்ணீர் ஊற்றி, வில்லையை உள்ளே போட்டு, காற்றை நன்றாகப் பிதுக்கி எடுத்துவிட்டு வாயைக் கட்டுங்கள். குறித்த இடத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளித்து, பையை அதன்மேல் அழுத்தி வையுங்கள். பைக்கும் ஃபைபருக்கும் நடுவிலும் காற்று இருக்கக் கூடாது. தண்ணீர் இறைக்கும் குழியில் நான்கு விரல் தண்ணீர் நிற்குமானால் பை வேண்டாம், வில்லையை அப்படியே அதில் அமிழ்த்தி முகத்தை ஃபைபரோடு ஒட்டிப் பிடிக்கலாம்.

இப்போது நீங்கள் வழக்கமாகத் தொழில் செய்யும் ஆழத்துக்குப் போய் எஞ்சினை நிறுத்துங்கள். முதலில் வில்லையை ஒரு கம்பில் கட்டிப் படகுக்கு வெளியே தண்ணீரில் இறக்கி, தரை எவ்வளவு தடிமனாக, எந்த நிறத்தில் தெரிகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு உள்ளே பையில் வைத்துப் பாருங்கள். கருவியைத் தானியங்கியில் விடாமல், எதிரொலியைப் பெருக்கிக் காட்டும் கெயின் அளவை இரண்டு முறையும் ஒன்றாகவே வையுங்கள். தானியங்கி தன் இஷ்டத்துக்குக் கெயினை ஏற்றி வித்தியாசத்தை மறைத்துவிடும்.

உள்ளே வைத்தபோது தரை கொஞ்சம் மங்கினால் அது இயல்பு. தரையே காணவில்லை அல்லது விட்டுவிட்டு வருகிறது என்றால் ஒரு சாண் தள்ளி வைத்துப் பாருங்கள், மறுபடி ஒரு சாண். எங்கே வைத்தாலும் அப்படித்தான் என்றால் உங்கள் அடிப்பகுதி இதற்கு ஏற்றதில்லை. அப்போது கீழே சொல்லியிருக்கும் கம்பு முறைக்குப் போய்விடுங்கள். இடம் முடிவானதும் எஞ்சினை ஓட்டி, வேகத்திலும் ஒருமுறை பாருங்கள்.

எந்தப் பசை? படகு கட்டிய ரெசினையே ஊற்றினால் என்ன?

நிதானமாக இறுகும் எபாக்ஸிதான் வேண்டும். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் இரண்டு டியூப் சாதாரண அரால்டைட் போதும், ஆனால் ஐந்து நிமிடத்தில் பிடிக்கும் வகை வேண்டாம். சீக்கிரம் இறுகும் பசை சூடாகும். குமிழி மேலே வந்து உடைவதற்குள் பசை கட்டியாகிவிடும்.

படகு கட்டும் பாலியெஸ்டர் ரெசினில் ஸ்டைரீன் இருக்கிறது. அது சில பிளாஸ்டிக்குகளைக் கரைக்கும், வில்லையின் உறை அதில் கெடலாம். இறுகும்போது சுருங்கவும் செய்யும். சிலிக்கான் ரப்பர் போல இருப்பதால் ஒலியை உறிஞ்சும். எம்-சீல் மாதிரி பிசைந்து வைக்கும் பொருளில் பிசையும்போதே காற்று சேர்ந்துவிடுகிறது. இவை எல்லாம் வேறு வேலைக்கு நல்லவைதான், இதற்கு ஆகாது.

ஒட்டும் முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல முடியுமா?

முதலில் படகை நிமிர்த்துங்கள். கரையில் ஏற்றிய படகு ஒரு பக்கம் சாய்ந்துதான் கிடக்கும். அந்த நிலையில் ஊற்றினால் எபாக்ஸி பள்ளத்துக்கு ஓடி, வில்லையின் ஒரு ஓரம் வறண்டுவிடும். பக்கத்தில் மரக்கட்டை முட்டுக் கொடுத்து, குறித்த இடம் சமமாக வருகிறதா என்று ரசமட்டம் வைத்துப் பாருங்கள்.

வேலையை மாலையில் தொடங்குங்கள். இதற்கு ஒரு காரணம் உண்டு. காலையில் வெயில் ஏற ஏற ஃபைபர் சூடாகி, அதன் நுண்துளைகளில் உள்ள காற்று விரிந்து பசைக்குள் குமிழியாக வரும். மாலையில் ஃபைபர் குளிரக் குளிர அதே துளைகள் பசையை உள்ளே இழுத்துக்கொள்ளும். இந்த ஒரு விஷயத்தைக் கவனித்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

வில்லையின் அகலத்தைப் போல இரண்டு மடங்கு இடத்தை 80 நம்பர் எமரி பேப்பரால் தேயுங்கள். உள்பக்கம் மேட் போட்ட மேடுபள்ளம் அப்படியே இருக்கும், காற்று ஒளிந்துகொள்வது அந்தப் பள்ளங்களில்தான். மேடு கரைந்து கைக்கு வழவழப்பாகும்வரை தேய்க்க வேண்டும். பூச்சு, மெழுகு, டீசல் பிசுக்கு எல்லாம் போக வேண்டும். தூசியைத் துடைத்துவிட்டு, துணியில் அசிட்டோன் நனைத்து ஃபைபரை மட்டும் துடையுங்கள். வில்லையின் மேல் அசிட்டோன், தின்னர், பெட்ரோல் எதுவும் படக் கூடாது. அதைச் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்தால் போதும், முகத்தை 220 நம்பர் பேப்பரால் லேசாக ஒரு தேய்ப்பு தேய்க்கலாம். அசிட்டோன் ஆவி சட்டென்று தீப்பிடிக்கும், அருகில் பீடி சிகரெட் யாரும் பற்றவைக்க வேண்டாம். கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

குறித்த இடத்தைச் சுற்றிக் களிமண்ணால் அரை அங்குல உயரத்துக்கு வரப்பு கட்டுங்கள். எபாக்ஸியின் இரண்டு பாகத்தையும் சொன்ன அளவில் எடுத்துக் குச்சியால் மெதுவாகக் கலக்குங்கள். முட்டை அடிப்பதுபோல் அடித்தால் நீங்களே காற்றைச் சேர்க்கிறீர்கள். பசை கெட்டியாக இருந்தால், கலப்பதற்கு முன் டியூப்களை வெந்நீரில் சிறிது நேரம் நிறுத்திவைத்தால் இளகும். கலந்தபின் சில நிமிடம் அப்படியே விட்டுவிடுங்கள், பெரிய குமிழிகள் தானாக மேலே வரும்.

வரப்புக்குள் ஒரு ஓரத்திலிருந்து மெல்லிய கோடாக ஊற்றிப் பரவ விடுங்கள். வில்லையின் முகத்திலும் கொஞ்சம் பசையைத் தடவுங்கள். பிறகு தட்டையாக வைக்காமல், ஒரு விளிம்பை முதலில் பதித்து மறு விளிம்பை மெல்ல இறக்குங்கள். காற்று முன்னால் தள்ளப்பட்டு வெளியே போகும். உட்கார்ந்ததும் லேசாக அழுத்தி இடமும் வலமும் திருகுங்கள். ஓரத்தில் குமிழி வருவது தெரியும், அது நிற்கும்வரை திருகிக்கொண்டே இருங்கள். மேலே ஒரு தண்ணீர் பாட்டிலை வைத்தால் நகராது. அதிக பாரம் வேண்டாம், பசை முழுவதும் பிதுங்கிவிடும். கேபிளை இழுபடாமல் ஒரு ஓரமாகக் கட்டிவிட்டு, ஒரு முழு நாள் யாரும் படகைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

ஒட்டாமல் வைக்க வழி உண்டா?

உண்டு, எனக்குப் பிடித்த முறையும் அதுதான். வில்லை புகும் அளவுக்கு அகலமான பிவிசி குழாயில் ஒரு துண்டு வெட்டி, அதை அடிப்பகுதியில் எபாக்ஸியால் கசிவில்லாமல் ஒட்டுங்கள். உள்ளே விளக்கெண்ணெய் ஊற்றி, வில்லையின் முகம் ஃபைபருக்கு மிக அருகில் எண்ணெயில் மூழ்கியிருக்கும்படி பொருத்தி மூடி போட்டுவிடுங்கள். விளக்கெண்ணெயில் ஒலியின் வேகம் கடல்நீரில் உள்ளதற்கு நெருக்கமானது, நொடிக்கு ஏறக்குறைய 1500 மீட்டர். கடற்படை சோனார் கருவிகளின் உள்ளே ஊற்றுவதும் இந்த எண்ணெயைத்தான். தண்ணீர் ஊற்றலாம், ஆனால் வற்றிவிடும்.

இதே யோசனையில் தயாராகவே விற்கும் டிரான்ஸ்டியூசரும் உண்டு. ஏர்மார் நிறுவனத்தின் பி79 அப்படிப்பட்டது. அடிப்பகுதி 22 டிகிரி வரை சரிந்திருந்தாலும் வில்லையை நேராகத் திருப்பிவைக்கலாம், உள்ளே புரோப்பிலீன் கிளைக்கால் ஊற்றுவார்கள்.

இந்த முறையில் வில்லையைப் பழுது பார்க்க எடுக்கலாம், புதிய படகுக்கு மாற்றலாம். படகை மணலில் சாய்க்கும்போது எண்ணெய் கொட்டாதபடி மூடி இறுக்கமாக இருக்க வேண்டும், அது ஒன்றுதான் கவனிக்க வேண்டியது.

அடிப்பகுதி சரிவாக இருக்கிறது. அப்படியே ஒட்டலாமா?

பத்து டிகிரிக்குள் என்றால் ஒட்டலாம். அதற்கு மேல் போனால் குழாய் முறையில் நேராக நிறுத்துங்கள். 15 டிகிரி சரிவில் ஒட்டினால், 20 பாகத்தில், அதாவது சுமார் 36 மீட்டரில், ஒலிக்கற்றையின் நடு பத்து மீட்டர் பக்கவாட்டில் போய் விழும். கடலடிப் பாறைத் திட்டான பார் ஓரத்தில் கலவாய்க்கும் விளமீனுக்கும் தூண்டில் போடுபவருக்குப் பத்து மீட்டர் என்பது பாருக்கும் சேற்றுக்கும் உள்ள வித்தியாசம்.

உள்ளே வைத்தால் ஆழம் எட்டுவது எவ்வளவு குறையும்?

ஃபைபரின் தடிமனைப் பொறுத்தது. ஒலி அடிப்பகுதியை இரண்டு முறை கடக்கிறது, போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று. ஒவ்வொரு முறையும் பாதி ஆற்றல் போனால் மிஞ்சுவது கால் பங்கு. பாக் நீரிணையில் தொழில் செய்பவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. அங்கே பெரும்பாலும் 15 மீட்டருக்குள்தான் ஆழம், சின்ன வில்லைகூடத் தரையைத் தெளிவாகக் காட்டும். கன்னியாகுமரியிலிருந்து ஆழ்கடல் பார்களுக்குத் தூண்டிலோடு போகிறவர் இதைக் கணக்கில் எடுத்தாக வேண்டும். சக்தி கூடுதலான கருவி வாங்குங்கள், ஃபைபர் மெல்லியதாக உள்ள இடத்தைத் தேடுங்கள், ஆழத்தில் 50 கிலோஹெர்ட்ஸைப் பயன்படுத்துங்கள். குறைந்த அதிர்வெண் ஆழமாகப் போகும், ஆனால் கற்றை அகலமாகிச் சின்னச் சின்ன மீன்கள் பிரிந்து தெரியாது. 200 கிலோஹெர்ட்ஸில் விவரம் கூடும், ஆழம் குறையும்.

திரையின் மேல்பகுதியில் எப்போதும் தடிமனான பட்டை தெரிகிறதே?

அடிப்பகுதிக்குள் ஒலி அதிர்ந்து அடங்கும் நேரம் அது. உள்ளே வைத்தால் அந்தப் பட்டை கொஞ்சம் தடிக்கும். முதல் சில அடிகளில் உள்ள மீன் தெரியாமல் போகலாம். மேல்மட்டத்தில் ஓடும் சாளையைத் தேடுபவருக்கு இது குறைதான். கெயினைச் சற்றுக் குறைத்தால் பட்டை மெலியும்.

கருவியில் வேறு என்ன மாற்ற வேண்டும்?

ஆழத்தின் அலகை ஃபேதம் என்று மாற்றிவிடுங்கள். ஒரு ஃபேதம் ஆறு அடி, நம் பாகக் கணக்கோடு ஒத்துப்போகும். மீட்டரில் வைத்துக்கொண்டு கடலில் மனக்கணக்கு போட வேண்டியதில்லை. வில்லை நீர்மட்டத்துக்குக் கீழே எவ்வளவு இருக்கிறதோ அதை ஆஃப்செட்டில் போடுங்கள். மீன் படம் போட்டுக் காட்டும் வசதியை அணைத்துவிடுவது நல்லது. அது குப்பையையும் குமிழியையும் மீனாகக் காட்டிவிடும்.

தண்ணீரின் வெப்பநிலையைச் சரியாகக் காட்டுமா?

காட்டாது. அது ஃபைபரின் சூட்டைத்தான் சொல்லும்.

வயரிங் எப்படி?

12 வோல்ட் பேட்டரியிலிருந்து நேராக, கையேட்டில் சொன்ன ஃபியூஸ் போட்டு இணைப்புக் கொடுங்கள். விளக்குக்குப் போகும் வயரில் முடிச்சுப் போடாதீர்கள். டிரான்ஸ்டியூசர் கேபிளை வெட்டி நீளம் குறைக்கவே கூடாது. மீதியைச் சுருட்டிக் கட்டிவையுங்கள். எஞ்சின் வயரிலிருந்தும் விஎச்எஃப் ரேடியோவின் ஆன்டெனா கேபிளிலிருந்தும் தள்ளிக் கொண்டுபோங்கள். இணைப்பு முனைகள் உப்புத்தண்ணீர் படாத உயரத்தில் இருக்க வேண்டும்.

எஞ்சின் ஓடும்போது திரை முழுக்கப் புள்ளி. நிறுத்தினால் போய்விடுகிறது. என்ன செய்வது?

படகு நிற்கும்போது, கியர் போடாமல் எஞ்சினை மட்டும் முடுக்கிப் பாருங்கள். அப்போதே புள்ளி வந்தால் அது மின்சாரத் தொந்தரவோ எஞ்சின் அதிர்வோதான். கேபிளை இடம் மாற்றி, கருவிக்குத் தனி பேட்டரி கொடுத்துப் பாருங்கள். நிற்கும்போது சுத்தமாக இருந்து, ஓடும்போது மட்டும் வந்தால் அடியில் குமிழி ஓடுகிறது. அதற்கு இடம் மாற்றுவதுதான் தீர்வு. அதனால்தான் ஒட்டும் முன்பே வேகத்தில் பார்க்கச் சொன்னேன்.

நன்றாகக் காட்டிக்கொண்டிருந்தது, திடீரென்று ஆழத்தில் தரை தெரிவதில்லை. ஏன்?

முதலில் படகுக்கு வெளியே பாருங்கள். வில்லைக்கு நேர் கீழே சிப்பியும் பாசியும் பிடித்திருந்தால் சுரண்டிவிட்டாலே சரியாகும். அங்கே புதிதாக ஃபைபர் ஒட்டு போட்டிருந்தாலும் காரணம் அதுவாக இருக்கலாம். அப்புறம் இணைப்பு முனையில் பச்சை பூத்திருக்கிறதா பாருங்கள். குழாய் முறை என்றால் எண்ணெய் மட்டம் குறைந்திருக்கும். எதுவும் இல்லை என்றால் பசையில் விரிசல் விட்டிருக்கலாம். அலையில் ஏறி இறங்கும்போது அடிப்பகுதி வளைந்து நிமிர்கிறது, நாளடைவில் ஓரம் விடும். கையால் வில்லையை அசைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

மரவல்லம் வைத்திருக்கிறேன். எனக்கு என்ன வழி?

கம்பு முறைதான். பிவிசி அல்லது துருப்பிடிக்காத எஃகுக் குழாயின் முனையில் வில்லையைப் பொருத்தி, படகின் விளிம்பில் கீல் வைத்த கிளாம்பில் மாட்டுங்கள். மீன் தேடும்போது இறக்கலாம், ஓடும்போதும் கரையேறும்போதும் தூக்கிக்கொள்ளலாம். முகம் அடிப்பகுதிக்கு ஒரு சாண் கீழே இருக்க வேண்டும். ஒலி எதையும் துளைத்துப் போக வேண்டியதில்லை என்பதால் படம் மிகத் தெளிவாக இருக்கும். ஃபைபர் கட்டுமரத்துக்கும் இதுவே பொருந்தும்.

ஒட்டிய வில்லையை எடுக்க முடியுமா?

எடுக்கலாம், ஆனால் உடையாமல் வரும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. பக்கவாட்டில் மரக்கட்டை வைத்துச் சுத்தியலால் ஒரே பக்கமாகத் தட்டுங்கள், சில நேரம் முழுதாகக் கழன்று வரும். உளியை அடியில் நுழைத்து நெம்ப வேண்டாம், படகின் தோல் கிழியும். வராவிட்டால் வில்லையை விட்டுக்கொடுத்து, பசையைத் தேய்த்து எடுத்து, அந்த இடத்தை மறுபடி தட்டிப் பார்த்துவிட்டுப் புதியதை வையுங்கள். இந்த முறை குழாயில் வையுங்கள்.